ஒற்றையொலி இசைத்தட்டும் அதற்கேற்ற ஊசியும்

நாதசுரச் சக்கரவர்த்தி எனப் போற்றப்பெற்ற திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை 1956ஆம் ஆண்டு திசம்பர் மாதத்தில் மறைந்தார். அவர் வாசித்த தோடி இசைத்தட்டிற் பதிவாகி நாடெங்கும் பரவியமை இசையன்பர் யாவரும் அறிந்ததே. வலப்பக்கத்துக்கு ஒன்றும் இடப்பக்கத்துக்கு ஒன்றுமாக இருவேறு ஒலிகளைத் தாங்கிய தட்டுக்கள் வணிகப் பொருளாகச் சந்தைக்குப் பரவலாக வந்தது 1958இலேதான். ஆதலின் அப்பெருங் கலைஞர் உயிரோடிருந்த காலத்தில் வெளிவந்த அவர் தட்டுக்கள் யாவும் ஒற்றையொலித் தட்டுக்களே. 1951இல் மறைந்த வசந்தகோகிலத்தின் தட்டுக்களும் அத்தகையனவே. முன்னோர் சேர்த்து வைத்த பழந்தட்டுப் பெட்டி எவ்வீட்டிலே இருப்பினும், அதனுள் இருப்பவற்றிற் பெரும்பாலன மோனோ என இன்று வழங்கும் இவ்வொற்றையொலி வகையைச் சேர்ந்தனவாகவே இருக்கும்.

அண்மைக் காலத்தில் சுழல்தட்டுக் கருவி மீண்டும் வீடுகளிற் புகுந்துள்ளது. கடையில் வாங்கும் கருவி எதுவாயினும், அதன் கையிற் பொருத்தப்பட்டிருப்பது பெரும்பாலும் ஸ்ரீரியோ எனப்படும் இரட்டையொலிக்கென ஆக்கப்பட்ட காட்றிட்ஜே ஆகும். அதனைப் பழந்தட்டின்மேல் இறக்கியதும் இரைச்சலும் வெடிப்பொலியும் முன்னே வர, பாட்டு அவற்றின் பின்னே மங்கி நிற்கக் கேட்டவர், தட்டுத் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டி அதனைப் பெட்டியில் இட்டுப் பரணில் ஏற்றிவிடுகின்றனர். அம்முடிவு பலவேளைகளிற் பிழையானது. தட்டிலே எழுதப்பட்டது ஒன்று. அதனைப் படிக்க இட்ட கருவி படிப்பது வேறொன்று. எவ்வூசி, எத்தகைய காட்றிட்ஜ் எத்தட்டுக்குப் பொருந்தும் என்பதை அறிந்து தேர்ந்தால், பாழென ஒதுக்கிய தட்டுக்கள் பலவும் வாய் திறக்கக் காணலாம். அறியாது தேர்ந்தால், பாட்டுக் கெடுவதோடு தட்டும் மீளா வகையில் அழியும்.

காட்றிட்ஜ் என்பது சுழல்தட்டின் கைந்நுனியில் உள்ள சிறு பெட்டி. அதன் அடியில் வைர முனையுடைய ஊசியும், ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டும், தண்டின் மறுமுனையில் ஒரு காந்தமோ கம்பிச்சுருளோ இருக்கும். தட்டிலுள்ள தவாளிப்பின் வழியே ஊசி ஓடி அசையும்போது, காந்தத்துக்கும் சுருளுக்கும் இடையே நிகழும் அசைவினால் நுண்ணிய மின்னழுத்தம் பிறக்கும். காந்தம் அசையச் சுருள் அசையாதிருப்பது ஒரு வகை; சுருள் அசையக் காந்தம் அசையாதிருப்பது மற்றொரு வகை. இவ்வேறுபாட்டைப் பற்றியே பலரும் நீளப் பேசுவர். ஒற்றையொலித் தட்டைப் பொறுத்தவரை அதனினும் முதன்மையான வினா இரண்டுள. ஊசி எத்திசையில் அசைந்தாற் காட்றிட்ஜ் மின்னைப் பிறப்பிக்கின்றது என்பது ஒன்று. ஊசிமுனையின் பருமன் யாது என்பது மற்றொன்று.

திசையைப் பற்றிய வினா ஒலிப்பதிவின் வரலாற்றோடு பிறந்தது. 1877இல் எடிசன் ஆக்கிய பொறியில், உருளையின்மேற் சுற்றிய வெள்ளீயத் தகட்டில் ஊசி மேலும் கீழுமாக அசைந்து குழிகளை இட்டது. அஃது நிலைக்குத்துப் பதிவு. பத்தாண்டுகளின் பின் எமில் பேர்லினர் தட்டையான தட்டிலே ஊசியை இடமும் வலமுமாக அசையவிட்டுப் பதிந்தார். அஃது கிடைப் பதிவு. தட்டின் உலகில் பேர்லினரின் வழியே வென்றது. அரக்குக் கலவையாற் செய்த 78 சுற்றுத் தட்டும், 1948இல் கொலம்பியா நிறுவனம் அமெரிக்காவில் வெளியிட்ட நிமிடத்துக்கு 33⅓ சுற்றுடைய நீளிசைத் தட்டும், மறு ஆண்டில் ஆர்சிஏ விக்டர் வெளியிட்ட 45 சுற்றுத் தட்டும் ஆகிய மூன்றும் தொடக்கத்தில் ஒலியைக் கிடையசைவாகவே தாங்கின. அவற்றின் தவாளிப்பு இடமும் வலமும் நெளியும்; ஆழம் மாறாது.

ஒரே தவாளிப்பில் இரண்டு ஒலிகளை அடக்கும் வழியை வகுத்தவர் ஆங்கிலேயப் பொறியியலாளர் அலன் புளூம்லைன். 1931ஆம் ஆண்டு திசம்பரில் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். தவாளிப்பின் இரு சுவர்களும் தட்டின் முகத்தோடு 45 பாகைச் சாய்வில் நிற்பவை. ஒரு சுவருக்கு இடப்பக்க ஒலியையும் மறு சுவருக்கு வலப்பக்க ஒலியையும் கொடுத்தால் ஒன்றை மற்றது தீண்டாது என்பது அவர் கண்ட நுட்பம். 1934ஆம் ஆண்டு சனவரியில், இலண்டன் அபே றோட் ஒலியகத்தில் தோமஸ் பீச்சம் நடத்திய மொசாட்டின் இசை இம்முறையிற் பரீட்சார்த்தமாகப் பதியப்பட்டது. போர்க்காலத்தில் வான்வழி ராடார்க் கருவியொன்றைப் பரீட்சிக்கப் புறப்பட்ட விமானம் 1942 யூன் 7ஆம் நாள் வீழ்ந்தபோது அதனுள் இருந்து இறந்தோருள் புளூம்லைனும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 38. அவர் வகுத்த வழி கடைத்தெருவுக்கு வர மேலும் பதினாறு ஆண்டுகள் சென்றன.

புளூம்லைனின் முறையில் ஒரு சிறப்பு அடங்கியுள்ளது. இரு பக்கங்களுக்கும் பொதுவான ஒலி ஊசியைக் கிடையாக அசைக்கும்; இரு பக்கங்களுக்கும் உள்ள வேற்றுமை மட்டுமே அதனை மேலும் கீழும் அசைக்கும். எனவே இரட்டையொலிக் காட்றிட்ஜ் பழைய ஒற்றையொலித் தட்டையும் படிக்கும். இரு ஒலிபெருக்கிகளிலும் ஒரே பாட்டு எழும். இதனைக் கண்டே, தனிக் காட்றிட்ஜ் எதற்கு என்று பலர் வினவுகின்றனர். அவ்வினா நியாயமானதே. அதற்கு விடை, கிடையசைவிற் பாட்டு வருகின்றதா என்பதில் இல்லை. நிலைக்குத்தசைவில் வேறென்ன வருகின்றது என்பதில் உள்ளது.

ஒற்றையொலித் தட்டில் நிலைக்குத்துத் திசையிற் பாட்டு ஒரு துளியும் இல்லை. அத்திசையில் எழுவன யாவும் வேண்டாதவையே. தவாளிப்பின் அடியிற் படிந்த தூசி ஊசியைத் தூக்கி எறிகின்றது. சுழல்தட்டின் அச்சுக் குடைவிலும் இயந்திரத்திலும் எழும் உறுமல் பெரும்பாலும் மேல்கீழ் அதிர்வாகவே ஊசியை அடைகின்றது. நெளிந்த தட்டும் ஊசியை ஏற்றி இறக்குகின்றது. முந்தியோர் கனமான ஊசியை ஓட்டிச் சுவரைச் சுரண்டிய வடுக்களும் உள்ளன.

இவற்றினும் நுண்ணிய குற்றம் ஒன்று உண்டு. அஃது தட்டுப் புதியதாயினும் நீங்காதது. தட்டை வெட்டும் ஊசி உளியை ஒத்தது, தட்டையான முகமுடையது. படிக்கும் ஊசியோ உருண்டை முனையுடையது. தவாளிப்பு நேராக ஓடுமிடத்தில் உளியின் முழு அகலமும் தவாளிப்பின் அகலமாகும். அது சரிந்தோடுமிடத்தில், ஓடும் திசைக்குக் குறுக்கே அளக்கும் அகலம் சுருங்கிவிடும். சாய்ந்து செல்லும் ஒழுங்கையின் இரு வேலிகளும் நெருங்கினாற் போல அங்கே இரு சுவர்களும் உருண்டை முனையை நெருக்க, ஊசி மேலெழும். நெளிவின் முகட்டில் அகலம் மீள, ஊசி தாழும். ஓர் அதிர்வு முடிவதற்குள் இவ்வேற்றமும் இறக்கமும் இருமுறை நிகழும். இதனை இரட்டையொலிக் காட்றிட்ஜ் உணர்ந்து, மூல ஒலியின் இருமடங்கு அதிர்வுடைய போலியொலி ஒன்றைப் பாட்டோடு கலந்துவிடுகின்றது. நாதசுரம் உச்சத்திற் பிடிக்கும்போது ஒலி கரகரப்பதற்குத் தட்டின் தேய்வு மாத்திரமன்றி இதுவும் ஒரு காரணமாகும். நிலைக்குத்தசைவுக்குச் செவிடான காட்றிட்ஜ் இதனைக் கேட்பதேயில்லை.

செவிடாக்குவதற்கு எளிய வழியொன்றும் உண்டு. மின்பெருக்கியில் மோனோ எனக் குறித்த விசை இருக்குமாயின், அதனைத் திருப்பியதும் இடவொலியும் வலவொலியும் ஒன்றாகக் கூட்டப்படும். கிடையசைவினால் இரு பக்கமும் ஒரே வகை மின் எழுவதால் அவை கூடும். நிலைக்குத்தசைவினால் எதிரெதிர் மின் எழுவதால் அவை ஒன்றையொன்று கழிக்கும். இரு பக்கமும் சரிநிகராக இருந்தாற் கழிவு முழுமையாகும். எந்தக் காட்றிட்ஜிலும் அவை முற்றும் நிகராக இருப்பதில்லை. ஒரு தெசிபெல் வேற்றுமை இருப்பதாகக் கொண்டால், ஒரு பக்கம் 100 பங்கு தருமிடத்து மறு பக்கம் 89 பங்கு தரும். கிடையசைவின் கூட்டுத்தொகை 189. நிலைக்குத்தசைவிற் கழிந்து எஞ்சுவது 11. அஃதாவது வேண்டாத ஒலியில் ஏறக்குறையப் பதினேழில் ஒரு பங்கே மிஞ்சுகின்றது. ஒரு செலவுமின்றிப் பெறும் பயனுக்கு இது சிறிதன்று. விலையுயர்ந்த காட்றிட்ஜை விற்போர் இக்கணக்கைச் சொல்வதில்லை. விசையுள்ள மின்பெருக்கி உடையவர் முதலில் அதனைத் திருப்பிக் கேட்டுவிட்டுப் பின்னர்க் கடைக்குச் செல்லுதல் தகும்.

ஆயினும் இரண்டு குறைகள் எஞ்சுகின்றன. உயர்ந்த அதிர்வுகளில் இரு பக்கங்களின் நிகர்மை மேலும் குன்றுவதாற் கழிவு குன்றுகின்றது. வெடிப்பொலிகளின் கூர்மை அங்கேதான் உள்ளது. மற்றைய குறை, இவ்விசை ஊசியின் முனையை மாற்றமாட்டாது என்பது. முனையைப் பற்றிப் பின்னர்க் காண்போம்.

காட்றிட்ஜ் வாங்கவே துணிந்தவர் ஒற்றையொலி என்ற பெயரில் மூவகைப் பொருள்கள் விற்கப்படுவதை அறிதல் வேண்டும். முதலாவது, உள்ளே இரட்டையொலிக் காட்றிட்ஜாகவே இருந்து, அதன் சுருள்கள் உட்புறத்திலேயே இணைக்கப்பட்டது. இது விசையின் வேலையைக் காட்றிட்ஜுக்குள்ளேயே செய்துவிடுகின்றது. ஊசி மேலும் கீழும் எளிதாக அசையுமாதலின் எத்தட்டுக்கும் ஊறு விளைப்பதில்லை. இரண்டாவது, கிடையசைவுக்கு மட்டுமே மின் பிறக்கும்படி சுருளும் காந்தமும் தொடக்கத்திலேயே அமைக்கப்பட்டது; ஆயினும் ஊசி மேல்கீழாக அசைவதற்கு இறப்பர்த் தாங்கி இடங்கொடுக்கும். மூன்றாவது, அமைப்பால் இரண்டாவதை ஒத்தது. ஆனால் நிலைக்குத்துத் திசையில் விறைத்து நிற்பது. 1958க்கு முன் வந்த பழங் காட்றிட்ஜ்கள் பல இவ்வினத்தவை. தவாளிப்பு மேல்கீழாக அசையாத காலத்தில் அவ்வசைவுக்கு இடங்கொடுக்க வேண்டுமென எவரும் கருதவில்லை. பல கிராம் பாரத்தில் அழுத்தி ஓட்டுவதும் அக்கால வழக்கு.

இம்மூன்றாவது வகையே ஆபத்தானது. விறைத்த ஊசியை இரட்டையொலித் தட்டின்மேல் இறக்கினால், தவாளிப்பின் அடி மேலெழுமிடங்களில் எழ இயலாத ஊசி அதனை உழுதுகொண்டு செல்லும். வைரத்துக்கு முன் வைனைல் நில்லாது. ஒருமுறை ஓட்டியதிலேயே இரு பக்கங்களின் வேற்றுமையைத் தாங்கிய நுண்வடிவம் சிதைந்துபோகக்கூடும். பின்னர் எந்த நல்ல ஊசியை இட்டாலும் அது மீளாது. ஒலி அப்போது பெரிதும் மாறாமையின், அழிக்கின்றோம் என்பதையும் ஓட்டுபவர் உணரமாட்டார். விறைத்த ஊசி கிடையசைவை மாத்திரம் படித்துப் பாட்டை வழமைபோலவே தந்துகொண்டிருக்கும். இரட்டையொலித் தட்டுக்கள் புதிதாக வந்தபோது, அவற்றை இரட்டையொலிக் கருவியிலன்றி இயக்கலாகாது என உறைகளில் எச்சரிக்கை அச்சிடப்பட்டமைக்குக் காரணம் இதுவே. பழம்பொருட் கடையில் அழகான பழங் காட்றிட்ஜ் ஒன்றைக் கண்டு மகிழ்ந்து வாங்குவோர் இதனை மறத்தலாகாது. புதியதாயினும், நிலைக்குத்து நெகிழ்வு உண்டென்று ஆக்கியோன் கூறாதவிடத்து, இல்லை என்றே கொண்டு இரட்டையொலித் தட்டிலிருந்து அதனை விலக்கி வைத்தலே பாதுகாப்பு.

இனி முனையின் பருமன். தேர்வில் இதுவே முதலிடம் பெறத் தக்கது. ஆனால் விளம்பரங்களிற் பெரும்பாலும் கடைசி வரியிற் காணப்படுவது. உருண்டை முனை தவாளிப்பின் அடியைத் தொடுவதில்லை. இரு சுவர்களிலும் ஒவ்வோரிடத்திற் சாய்ந்து தொங்குகின்றது. சுவர்கள் ஒன்றுக்கொன்று செங்கோணமாக இருப்பதால், தொடுமிடங்கள் இரண்டுக்கும் இடையேயுள்ள தூரம் முனையின் ஆரையைப் போல் 1.41 மடங்காகும். மைக்குரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தொடக்ககால நீளிசைத் தட்டுக்கென வகுத்த முனையின் ஆரை 25 மைக்குரோன். அஃதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அது சுவர்களைத் தொடும் அகலம் 35 மைக்குரோன். ஒற்றையொலி நீளிசைத் தட்டின் தவாளிப்பு மேல்வாயில் ஏறக்குறைய 55 மைக்குரோன் அகலமுடையது. ஆகவே முனை சுவரின் நடுவே நன்கு அமரும். இரட்டையொலித் தவாளிப்போ ஆழம் மாறிக்கொண்டிருப்பதால், சில இடங்களில் 25 மைக்குரோன் வரை ஒடுங்கும். அதற்கென வந்த முனையின் ஆரை 18 மைக்குரோன், அதனை 1.41 ஆற் பெருக்கினால் வருவது 25. இவ்வொப்புமை தற்செயலன்று. 25 மைக்குரோன் முனையை அவ்வொடுங்கிய இடத்தில் ஓட்டினால், சுவரில் இறங்க இடமின்றி மேல்விளிம்புகளை நசுக்கிச் செல்லும். ஆகவே நெகிழ்வுடைய காட்றிட்ஜாயினும் 25 மைக்குரோன் முனையுடையது இரட்டையொலித் தட்டுக்கு உகந்ததன்று.

78 சுற்றுத் தட்டு வேறோர் உலகம். அதன் தவாளிப்பு ஏறக்குறைய 150 மைக்குரோன் அகலமுடையது. அதற்கு 65 முதல் 75 மைக்குரோன் வரை ஆரையுடைய முனை வேண்டும். 18 மைக்குரோன் முனையை அதில் இட்டால், கிணற்றிலே போட்ட கூழாங்கல்லைப் போல அது அடியிற் கிடந்து, அங்குள்ள அழுக்கை எல்லாம் வாசிக்கும். சுவரிலுள்ள பாட்டை அரைகுறையாகவே தொடும். இராசரத்தினம் பிள்ளையின் தோடியை இன்றைய கருவியில் இட்டு, இரைச்சலே மிகக் கேட்டுச் சோர்ந்தவர்கள் பெரும்பாலும் இப்பிழையையே செய்திருப்பர். சுற்றும் வேகத்தை 78க்கு மாற்றினாற் போதும் என அவர்கள் எண்ணிவிடுகின்றனர். இந்தியாவில் 1960களிலும் 78 சுற்றுத் தட்டுக்கள் அச்சிடப்பட்டன. பீற்றில்ஸ் குழுவினரின் பாட்டுக்கள்கூட அங்கு அவ்வடிவில் வெளிவந்தன. ஆகவே ஆண்டைப் பார்த்து முனையைத் தீர்மானிப்பதினும் சுற்றின் எண்ணைப் பார்த்துத் தீர்மானித்தலே நன்று.

தென்மார்க்கின் ஓட்டோபோன் நிறுவனம் தன் ஒற்றையொலிக் காட்றிட்ஜ்கள் இரண்டுக்கு இட்ட பெயரிலேயே 25, 65 என்னும் எண்கள் உள்ளன. அவை முனையின் ஆரையைக் குறிப்பன. எல்லா நிறுவனங்களும் இவ்வாறு செய்திருப்பின் வாங்குவோர்க்கு வில்லங்கம் குறைந்திருக்கும்.

அவ்வாறாயின் ஒற்றையொலி நீளிசைத் தட்டு என்றதும் 25 மைக்குரோன் என விதித்துவிடலாமோ எனின், அங்கும் ஒரு பிரிவு உண்டு. 1950களில் வெட்டிய தட்டுக்கள் அகன்ற தவாளிப்புடையவை. அவற்றுக்கு 25 பொருந்தும். ஒற்றையொலித் தட்டுக்களின் உற்பத்தி அமெரிக்காவில் 1968 அளவிற் பெரும்பாலும் நின்றது. பிரித்தானியாவிலும் அதனையடுத்து ஓய்ந்தது. பின்னர் மறுபதிப்பாக வந்த ஒற்றையொலித் தட்டுக்கள் பொதுவாக இரட்டையொலி வெட்டுப்பொறியிலேயே வெட்டப்பட்டவை. பாட்டுக் கிடையசைவாகவே இருப்பினும், தவாளிப்பு இக்கால முனையை எண்ணி அமைந்தது. இதற்குப் பீற்றில்ஸ் தட்டுக்களே தக்க எடுத்துக்காட்டு. 1967இல் வெளிவந்த சார்ஜன்ற் பெப்பர் தட்டுக்கு, அக்குழுவினரும் அவர்தம் நெறியாளர் ஜோர்ஜ் மாட்டினும் ஒற்றையொலிக் கலவையிலேயே பெரிதும் நேரம் செலவிட்டனர். இரட்டையொலிக் கலவை விரைவாகச் செய்து முடிக்கப்பட்டது. ஆகவே அவர்கள் எண்ணிய வடிவைக் கேட்க விரும்புவோர் ஒற்றையொலியை நாடுகின்றனர். 2014இல் அவ்வொற்றையொலித் தட்டுக்கள் மூல நாடாக்களிலிருந்து மீள வெட்டி வெளியிடப்பட்டபோது, 1967இன் பதிப்பும் 2014இன் பதிப்பும் உறையால் ஒத்திருந்தும் ஊசியால் வேறுபடலாயின. பின்னதற்கு 18 மைக்குரோன் முனையோ, நுண்ணிய நீள்வடிவ முனையோ பொருந்தும்.

பழைய தட்டுக்கும் சிறு முனை சிலவேளை நன்மை செய்வதுண்டு. 25 மைக்குரோன் முனை தவாளிப்பின் அடிமூலையிலிருந்து 18 மைக்குரோன் உயரத்திற் சுவரைத் தொடும். 18 மைக்குரோன் முனை 13 மைக்குரோன் உயரத்திற் தொடும். முந்தியோர் பெருமுனையால் ஓட்டித் தேய்த்த பட்டைக்கு ஐந்து மைக்குரோன் கீழே, எவரும் தீண்டாத சுவர் எஞ்சியிருக்கலாம். தட்டைக் கழுவித் தூசியை நீக்கிய பின் சிறு முனையை அங்கே ஓட்டினால், பழையது புதியதாக ஒலிப்பதும் உண்டு. கழுவாத தட்டில் இது பலியாது. சிறு முனை தூசிக்கு அண்மையில் ஓடுவதால் இரைச்சல் கூடும். இன்னுமொன்று: நீளிசைத் தட்டின் உள்வட்டத்தில், மையத்திலிருந்து 6 சதமமீற்றர் தூரத்தில், ஊசியின்கீழ்த் தவாளிப்பு ஓடும் வேகம் செக்கனுக்கு 21 சதமமீற்றரே. செக்கனுக்கு 10,000 முறை அதிரும் ஒலியின் முழு அலைநீளம் அங்கே 21 மைக்குரோன். 25 மைக்குரோன் ஆரையுடைய உருண்டை அந்நெளிவுக்குள் எங்ஙனம் புகும்? பக்கத்தின் இறுதிப் பாட்டு மங்கி ஒலிப்பின், அத்தட்டுக்குச் சிறு முனையையே பரீட்சித்தல் தகும்.

எத்தட்டும் ஒற்றையொலிக் காட்றிட்ஜாற் சீர்ப்படும் எனக் கருதுவதும் பிழை. 1960களில், ஒற்றையொலிப் பதிவுகளையே எடுத்து, ஒரு பக்கத்தைச் சிறிது பிந்தச் செய்தும் தொனியை மாற்றியும் இரட்டையொலி போலாக்கி விற்றனர். அமெரிக்கக் கபிற்றல் நிறுவனம் இதற்கு டூவோபோனிக் எனப் பெயரிட்டது. அத்தகைய தட்டை ஒற்றையொலியாகக் கூட்டினால், முந்திய ஒலியும் பிந்திய ஒலியும் மோதிச் சில சுரங்கள் தேய்ந்தும் சில ஓங்கியும் ஒலிக்கும். இப்போலிக்கு மருந்து, அதன் மூலமான ஒற்றையொலிப் பதிப்பைத் தேடிப் பெறுவதே.

காட்றிட்ஜுக்கும் கருவிக்கும் உள்ள பொருத்தத்தைச் சுருக்கமாகக் கூறலாம். ஊசித் தண்டின் நெகிழ்வும் கையின் எடையும் சேர்ந்து தமக்கென ஓர் இயல்பான அதிர்வைப் பெறுகின்றன. அது செக்கனுக்கு 8 முதல் 12 வரை அமைதல் நன்று. கையின் பயனுறு எடையையும் காட்றிட்ஜின் எடையையும் கிராமிற் கூட்டி, ஆக்கியோன் தரும் நெகிழ்வெண்ணாற் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தால் 159ஐப் பிரித்தால் அவ்வெண் கிடைக்கும். மொத்தம் 25 கிராமும் நெகிழ்வு 10உம் ஆயின் விடை 10; மிகப் பொருத்தம். அதே கையில் நெகிழ்வு 25 உடைய மெல்லிய காட்றிட்ஜை இட்டால் விடை 6.4, தட்டின் நெளிவிலேயே கை தள்ளாடும். ஒற்றையொலிக் காட்றிட்ஜ்கள் பல விறைப்பும் கனமும் உடையன. யப்பானின் டெனன் நிறுவனத்து டீஎல் 102 அத்தகையது, 3 கிராம் பாரத்தில் ஓடுவது. அவற்றுக்குக் கனத்த கையே துணை.

மின்னழுத்தத்தையும் நோக்குதல் வேண்டும். 3 மில்லிவோல்ற் அளவு தருவன சாதாரண மின்பெருக்கியின் இசைத்தட்டு வாயிலுக்குப் போதும். அரை மில்லிவோல்ற்றும் தராத அசைசுருள் வகைக்கு மின்மாற்றியோ முன்பெருக்கியோ வேண்டும், அதன் விலை காட்றிட்ஜின் விலையை விஞ்சுவதும் உண்டு. இரண்டே முனைகளுடைய காட்றிட்ஜை இரு பக்கக் கம்பிகளுக்கும் பிரித்து இணைத்தால், நிலக்கம்பி வளையம் உண்டாகி ரீங்காரம் எழும். பக்கங்களில் ஒன்றின் நிலக்கம்பியை விலக்கின் அது பெரும்பாலும் அடங்கும்.

இவற்றை வைத்து ஒரு வீட்டுக்குத் தேர்வு செய்வதெங்ஙனம்? தட்டுக்களிற் பெரும்பாலன இரட்டையொலியாய், ஒற்றையொலித் தட்டு ஐந்தோ பத்தோ மட்டும் உள்ள வீட்டுக்குத் தனிக் காட்றிட்ஜ் வீண்செலவு. மின்பெருக்கியின் விசையே போதும். ஒற்றையொலி மறுபதிப்புக்களை விரும்பிச் சேர்ப்போர்க்கு, 18 மைக்குரோன் முனையும் நிலைக்குத்து நெகிழ்வும் உடைய ஒற்றையொலிக் காட்றிட்ஜ் ஏற்றது. வீட்டார் எவரேனும் தவறி இரட்டையொலித் தட்டை இட்டாலும் கேடு விளையாது. 1950களின் நீளிசைத் தட்டுக்களே செல்வமாக உள்ளவிடத்து 25 மைக்குரோன் முனையை வாங்குதல் பயனுடையது. கழற்ற முடியாத கையுடைய கருவியாயின், காட்றிட்ஜை அவ்வாறே விட்டு அதன் ஊசியை மட்டும் மாற்றும் வகைகளை நாடலாம். பெருவழக்கான காட்றிட்ஜ்கள் சிலவற்றுக்கு 78 சுற்றுக்கான ஊசியும் தனியே விற்கப்படுகின்றது. அதனையும் மோனோ விசையையும் சேர்த்தால், அரக்குத் தட்டுக்கு அதனினும் மலிவான வழி வேறில்லை.

கையின் தலை கழற்றத் தக்கதாயின் இரண்டு அல்லது மூன்று தலைகளை ஆயத்தமாக வைத்திருத்தல் வசதி. ஒவ்வொரு தலைக்கும் உரிய பாரத்தை ஒரு துண்டில் எழுதிக் கருவியின் மூடியில் ஒட்டிவிடலாம். 25 மைக்குரோன் முனையும், விறைத்த பழங் காட்றிட்ஜும் பூட்டிய தலைகளுக்குச் செந்நிறப் புள்ளி ஒன்று இட்டு, ஒற்றையொலித் தட்டுக்களின் உறை மூலையிலும் அதே புள்ளியை இட்டுவைத்தால், புள்ளியில்லாத உறையிலிருந்து எடுத்த தட்டின்மேல் அத்தலையை எவரும் இறக்கமாட்டார்.